தைக்காட்டின் மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ்

1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 2-ஆம் நாள், திருவிதாங்கூர் அரசில் கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்னும் சிற்றூரில் மற்றொரு பெண்குழந்தை பிறந்தது. இருவரும் பின்னாளில் மருத்துவராயினர். இருவரும் சட்டமன்றத்தில் அமர்ந்தனர். முன்னவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. அவரைத் தமிழ் மாணவர் நன்கு அறிவர். பின்னவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்கூட அவர் பெயரை அரிதாகவே கேட்டிருப்பர். ஆயினும் அவர் நிருவகித்த மருத்துவத்துறை நாஞ்சில் நாட்டுத் தமிழருக்கும் உரியதாய் இருந்தது. அன்று நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூரின் பகுதிகளே.

மேரியின் தந்தை டி. ஈ. புன்னன், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி. அரச குடும்பத்தின் மருத்துவராகவும் விளங்கியவர். தாயார் நோயுற்றிருந்தமையால், ஒரே மகளான மேரியை ஆங்கிலேயச் செவிலித்தாயர் வளர்த்தனர். திருவனந்தபுரம் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட் பள்ளியில் கல்வி தொடங்கியது. மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் முதலிடம் பெற்றார். தந்தையைப் போல மருத்துவம் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு அறிவியல் பாடம் வேண்டும். ஆனால் மகாராஜா கல்லூரி அவருக்கு அறிவியல் வகுப்பில் இடம் தர மறுத்தது. காரணம் மதிப்பெண் அன்று. அவர் பெண் என்பதே. இன்று பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயரோடு நிற்பது அக்கல்லூரிதான். இன்று அதன் அறிவியல் வகுப்புகளுக்குள் நுழையும் மாணவியரில் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும் என்பது ஐயமே.

மேரி வரலாற்றுப் பாடத்தை எடுத்துக்கொண்டார். கல்லூரியில் அவர் ஒருவரே மாணவி. 1909-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டம் பெற்றார். அரசர்களின் ஆண்டுகளையும் போர்களையும் மனப்பாடம் செய்த அந்த ஆண்டுகளிலும் அவர் மருத்துவ எண்ணத்தைக் கைவிடவில்லை. இங்கே மூடிய கதவு இலண்டனில் திறந்திருந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1878-ஆம் ஆண்டிலிருந்தே பெண்களுக்குப் பட்டம் வழங்கி வந்தது. மேரி கப்பலேறினார். அங்கே எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார், கேரளத்திலிருந்து சென்று இலண்டனில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள ரொட்டண்டா மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவம் பயின்றார். 1745-இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, உலகின் மிகப் பழைய மகப்பேற்று மருத்துவமனைகளுள் ஒன்று. இலண்டனில் குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியாற்றிப் பழகினார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-ஆம் ஆண்டில் தந்தை காலமானார். மகள் அதே ஆண்டில் தாயகம் திரும்பினார். தைக்காட்டில் இருந்த மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவராகப் பொறுப்பேற்றார். அங்கே கண்காணிப்பாளராக இருந்த மேனாட்டுப் பெண்மணி தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டமையால், அப்பொறுப்பும் மேரியிடமே வந்தது. அடுத்த ஆண்டில் வழக்கறிஞர் கே. கே. லூக்கோஸை மணந்தார். அவர் பின்னாளில் திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

மருத்துவமனை இருந்தது; மருத்துவர் இருந்தார். ஆனால் கருவுற்ற பெண்கள் அங்கே வருவதற்கு அஞ்சினர். பேறு என்பது வீட்டின் ஒரு மூலையில், இருண்ட அறையில், ஊர் மருத்துவச்சியின் கையில் நிகழ வேண்டியது என்பதே அன்றைய வழக்கம். மருத்துவமனைக்குச் செல்பவர் உயிரோடு திரும்பார் என்னும் அச்சம் பரவியிருந்தது. இவ்வச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. உண்மையில், நிலைமை மிகவும் முற்றிய பின்னரே பெண்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால் அவர்களுள் பலர் இறக்கவே செய்வர். அந்த இறப்புகள் அச்சத்தை வளர்க்கும். அச்சம் அடுத்தவரின் வருகையைத் தாமதப்படுத்தும். இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

மேரி இரண்டு செயல்களைச் செய்தார். முதலாவது, தம் முதற் குழந்தையைத் தாம் பணிபுரிந்த அந்த மருத்துவமனையிலேயே பெற்றார். தலைமை மருத்துவரே படுத்த கட்டிலில் மற்றவர் படுக்க அஞ்சுவது கடினம். இரண்டாவது செயல் இன்னும் நுட்பமானது. ஊர் மருத்துவச்சிகளை அவர் பகைக்கவில்லை. அவர்களுடைய பெண்மக்களை அழைத்து, மகப்பேற்றுப் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்ற மகள் வீடு திரும்பினால் தாய்க்கு வருமானம் போகாது, பெருமை கூடும். தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் அழியாமல், அறிவோடு தொடரும். அயல்நாட்டுப் பட்டத்தோடு வந்த ஓர் இளம் மருத்துவர், எழுத்தறியா முதிய பெண்களைப் போட்டியாளராகக் கருதாமல் துணைவராக்கிக்கொண்டது அவருடைய நிருவாகத் திறனுக்குச் சிறந்த சான்று.

பேறுகாலப் பணிக்கு வரும் ஒரு செவிலி முதலில் அறிய வேண்டுவது யாது? குழந்தையைக் கையில் ஏந்தும் முறை அன்று. இரத்தம் உடலில் ஓடும் முறையே. இதயம் ஒரு கைப்பிடி அளவுள்ள தசை உறுப்பு. அதில் நான்கு அறைகள் உள்ளன. மேலறைகள் இரண்டும் ஆரிக்கிள். கீழறைகள் இரண்டும் வெண்டிரிக்கிள். உடல் முழுதும் சுற்றி வந்த இரத்தம் சிரைகளின் வழியே வலப்புறம் சேர்கிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று, உயிர்வளி ஏற்று, இடப்புறம் திரும்புகிறது. இட வெண்டிரிக்கிள் அதனை மகாதமனிக்குள் செலுத்துகிறது. உடலின் தொலைவிலுள்ள ஒவ்வொரு விரல்நுனிக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இந்த இட அறையின் சுவர் வல அறையின் சுவரைக் காட்டிலும் தடித்தது. அறைகளுக்கிடையே உள்ள வால்வுகள் ஒருபுறம் மட்டுமே திறக்கும் கதவுகள். சென்ற இரத்தம் திரும்பி வராமல் அவை காக்கின்றன.

ஓய்விலிருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 5 லிட்டர். வளர்ந்த மனிதரின் உடலிலுள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே ஒரு நிமிடத்துக்குள் இரத்தம் முழுதும் ஒரு சுற்று வந்துவிடுகிறது எனலாம். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக விரல்களை வைத்தால் உணரப்படும் நாடி, இதயம் தள்ளிய இரத்தத்தின் அலை தமனிச் சுவரில் மோதுவதே. கருவி ஏதுமின்றி, மூன்று விரல்களால் இதயத்தின் நிலையை அறிய வல்ல இடம் அது. சித்த மருத்துவரும் அங்கேதான் விரல் வைத்தனர். மேனாட்டு மருத்துவரும் அங்கேதான் வைக்கின்றனர். அவர்கள் அதனைப் படிக்கும் முறைதான் வேறு.

கருவுற்ற பெண்ணின் உடலில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியாகத் தள்ளுகிறது, துடிப்பும் விரைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும் அளவுக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை. ஆகவே இரத்தம் சற்று நீர்த்துப் போகிறது. அக்காலத்தில் இரும்புச்சத்துள்ள உணவு கிடைக்காத பெண் எளிதில் சோகையுறுவாள். நிறைமாதத்தில் கருப்பைக்கு மட்டும் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் பாய்கிறது. நிறைமாதப் பெண் மல்லாந்து படுத்தால், கருப்பையின் எடை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். தலை சுற்றும், முகம் வெளிறும். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் சிறிது நேரத்தில் தெளிவு வரும். இதற்கு மருந்து வேண்டா. அறிந்த கை ஒன்று போதும்.

குழந்தை பிறந்த பின் நச்சுக்கொடி கருப்பைச் சுவரினின்று பிரிகிறது. அவ்விடத்தில் இரத்தக்குழாய்களின் வாய்கள் திறந்து நிற்கின்றன. அவற்றை மூடுவது யார்? கருப்பையின் தசையே. அத்தசையின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. குழாய்கள் அவற்றினூடே செல்கின்றன. கருப்பை இறுகிச் சுருங்கினால் இழைகள் குழாய்களை நெரித்து மூடிவிடும். சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் இரத்தம் நில்லாது ஓடும். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்னும் கணக்கை நினைவிற்கொண்டால், எத்தனை நிமிடங்களில் ஒரு தாய் இறக்கக்கூடும் என்பது விளங்கும். தாயின் வயிற்றின்மேல் கைவைத்து, கருப்பை பந்துபோல் கெட்டியாக உள்ளதா, மாவுபோல் தளர்ந்துள்ளதா என்று பார்த்து, தளர்ந்திருப்பின் தேய்த்துவிட்டுச் சுருங்கச் செய்தல் இன்றும் மகப்பேற்றுச் செவிலியின் முதற்கடமைகளுள் ஒன்று.

இதில் ஏமாற்றும் செய்தி ஒன்றும் உண்டு. பேறுகாலப் பெண்ணின் உடலில் கூடுதல் இரத்தம் இருப்பதால், முதலில் இழக்கும் இரத்தத்தின் விளைவு வெளியே தெரிவதில்லை. இரத்த அழுத்தம் நெடுநேரம் இயல்பாகவே காட்டும். தமனிகள் சுருங்கியும் இதயம் விரைந்தும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அழுத்தம் சரியும்போது காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். அதற்கு முன்னரே நாடி விரைகிறது, கைகால் குளிர்கிறது, தாய் அமைதியின்றி முனகுகிறாள். ஆகவே அழுத்தமானியை மட்டும் நம்பும் செவிலியைவிட, நாடியை எண்ணிக்கொண்டே அருகில் அமர்ந்திருக்கும் செவிலி மிகுதியான உயிர்களைக் காக்கிறாள். மருத்துவச்சியின் மகளுக்குப் பயிற்சி தருவது எத்துணை இன்றியமையாதது என்பது இங்கே புலனாகும். மருத்துவர் ஒருவர், பேறு நிகழும் வீடுகளோ ஆயிரம்.

1920-ஆம் ஆண்டில் மேரி சிசேரியன் அறுவை மருத்துவம் செய்தார். கேரளத்தில் செய்யப்பட்ட முதல் சிசேரியன் அதுவே என்பர். இன்று அது நாள்தோறும் நடைபெறும் அறுவை. அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் 1901-இலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் வங்கி 1920-இல் இல்லை. அறுவையின்போது தாய் இழக்கும் இரத்தத்தை ஈடுசெய்ய உடனே எடுத்து ஏற்றக்கூடிய புட்டி எதுவும் அலமாரியில் இராது. பெனிசிலின் கண்டறியப்பட்டதே 1928-இல்தான். புண்ணில் சீழ் பிடித்து இரத்தம் நஞ்சானால் தடுக்கும் மருந்தும் இல்லை. விரைவும் தூய்மையும் உறுதியான கையுமே அறுவையாளரின் துணை. வெட்டாமல் விட்டால் தாயும் சேயும் இறப்பர். வெட்டினால் இருவரும் பிழைக்கலாம், அல்லது மருத்துவமனையைப் பற்றிய ஊராரின் அச்சம் உறுதிப்படலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அக்கட்டடத்தில் அவர் ஒருவரே.

அரசு அவர் திறனை விரைவில் உணர்ந்தது. திருவிதாங்கூர் சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார்; அவ்வரசின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். முத்துலெட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவையில் 1927-இல் அமர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. 1924-ஆம் ஆண்டில் தற்காலிகச் சர்ஜன் ஜெனரலாக உயர்த்தப்பட்டார். அவ்வாண்டில் சேது லெட்சுமி பாயி அரசியார் இளவயது மன்னருக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஓர் அரசின் தலைமைப் பதவியிலும் அதன் மருத்துவத்துறையின் தலைமையிலும் பெண்கள் இருந்த காட்சி, அந்நாளில் உலகின் வேறெங்கும் எளிதில் காணக் கிடைத்திராது. 1938-இல் மேரி முழுப்பொறுப்புடைய சர்ஜன் ஜெனரலானார். 32 அரசு மருத்துவமனைகளும், 40 அரசு மருந்தகங்களும், 20 தனியார் நிறுவனங்களும் அவர் மேற்பார்வையில் இருந்தன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு பெண் சர்ஜன் ஜெனரல் ஆனது 1990-இல்தான் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதவியின் தன்மை அங்கே வேறு. எனினும் ஆண்டுகளின் இடைவெளி வியப்பூட்டுவதே. அறிவியல் வகுப்பில் அமரத் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே நகரத்தில், அறிவியல் படித்த ஆடவர் பலரும் அவர் ஆணைக்குட்பட்டுப் பணிபுரிந்தனர்.

நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைந்தது அவர் முயற்சியால். இந்தியாவின் தொடக்ககாலக் காசநோய் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. காசநோயை அழிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-க்கு முன் உலகில் இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துணவு, பிறரிடமிருந்து விலகியிருத்தல் ஆகியவையே மருத்துவம். இரத்தம் உயிர்வளி ஏற்கும் இடமாகிய நுரையீரலை அந்நோய் அரிப்பதால், நோயாளர் இருமலோடு இரத்தமும் உமிழ்ந்தனர். 1956 நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, மேரி நிருவகித்த துறையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்து சேர்ந்தது.

திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே, ரேடியம் நிலையமும் அவர் நிறுவியதே. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அக்காலத்தில் ரேடியம் முதன்மையான மருத்துவமாக விளங்கியது. மகளிர் மருத்துவராகிய அவர் ரேடியத்தை நாடியதன் பொருத்தம் இதனால் விளங்கும். எக்ஸ்ரேயோ உடலைத் திறவாமலே இதயத்தின் அளவைக் காட்டியது. அதற்குமுன் மருத்துவர் மார்பின்மேல் விரலால் தட்டி, ஒலியின் வேறுபாட்டைக் கொண்டே இதயத்தின் எல்லையைக் கணித்து வந்தனர்.

இதயம் பெருத்த பெண்கள் மகப்பேற்று மருத்துவரிடம் வருவது அன்று அரிதன்று. சிறுவயதில் தொண்டைப் புண். சில வாரங்களில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும். பின்னர் எல்லாம் மறந்துபோகும். ஆனால் அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தழும்பாக்கி விட்டிருக்கும். பெரும்பாலும் கெடுவது இட ஆரிக்கிளுக்கும் இட வெண்டிரிக்கிளுக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வே. கதவு குறுகிவிட்டால், பின்னால் வரும் இரத்தம் நுரையீரலில் தேங்கும். இளம்பெண் தன் நோயை அறியாமலே வளர்ந்து மணம்புரிந்து கொள்வாள். கருவுற்று இரத்தம் ஒன்றரை மடங்கு ஆகும்போதுதான் குறுகிய கதவு தடுக்கும். மூச்சு வாங்கும், படுக்க இயலாது எழுந்து அமர்வாள், இருமுவாள். கருவுற்ற பெண்ணுக்கு மூச்சு வாங்குவது இயல்புதானே என்று வீட்டார் விட்டுவிடுவர். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று செவிலி கேட்கும் ஒரு வினா அங்கே தாயின் உயிரைத் தீர்மானிக்கும்.

இந்நோய் ஏழையர் குடிசையை மட்டும் நாடியதன்று. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் இளவரசர் அவிட்டம் திருநாள், 1944-ஆம் ஆண்டு, ஆறு வயதில், ருமாட்டிக் இதயநோயால் மறைந்தார். அவர் நினைவாக எழுந்ததே, மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. எஸ்.ஏ.டி. என்று நகரத்தார் சுருக்கி அழைக்கும் அந்த மருத்துவமனையில் பிறந்தோர் பலருக்கும், மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு சிறுவனின் இதயம் இருப்பது தெரியாது. மேரி 1942-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். மருத்துவக் கல்லூரி 1951-இல் தொடங்கியபோது, இலண்டனுக்குக் கப்பலேறாமலே திருவனந்தபுரத்துப் பெண் மருத்துவம் கற்கும் நிலை வந்தது.

சித்திரைத் திருநாள் மகாராஜா அவருக்கு வைத்திய சாஸ்திர குசலை என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தார். பணிக்காலத்திலும் பின்னரும் இளம்பெண் கிறித்தவச் சங்கத்திலும் சாரணியர் இயக்கத்திலும் மேரி ஈடுபட்டிருந்தார். மகள் கிரேசியும் மருத்துவரானார். மகன் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ஆனால் கணவரும், மகளும், மகனும் அவருக்கு முன்னரே மறைந்தனர். ஆயிரக்கணக்கான தாய்மாரின் மக்களை உலகுக்குக் கொணர்ந்த அம்மையார், தம் இரு மக்களையும் இழந்து முதுமையைத் தனிமையில் கழித்தார். அக்காலத்தில் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதி வைத்தார். அவை நூலாக வெளிவந்தது அவர் மறைந்து நெடுங்காலம் கழித்தே. 1975-ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அப்போது அவருக்கு வயது 88. ஓய்வு பெற்று 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. விருது காலந்தாழ்ந்தே வந்தது.

1976 அக்டோபர் 2-ஆம் நாள் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் தம் 90-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அதே 1976-ஆம் ஆண்டில், மருத்துவக் கல்லூரிக்கு அருகே, அரச குடும்பம் கொடையளித்த கட்டடத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் தொடங்கப்பெற்றது. அங்கே டாக்டர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர்களும் இந்தியாவிலேயே செயற்கை இதய வால்வு செய்ய முனைந்தனர். முதல் மூன்று வடிவங்கள் தோல்வியுற்றன. நான்காவது வடிவம் வென்றது. உலோகக் கூட்டினுள் சாய்ந்து திறந்து மூடும் நெகிழித் தட்டு ஒன்றும், இதயத்தோடு சேர்த்துத் தைப்பதற்கான துணி வளையமும் கொண்டது அது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளைஞரும் இளம்பெண்களுமே அதன் தேவை மிக்கோர்; அயல்நாட்டு வால்வின் விலையோ அவர்களுக்கு எட்டாதது. 1990 டிசம்பரில் சித்திரா வால்வு முதன்முறையாக ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. மேரி பொறுப்பேற்ற தைக்காட்டு மருத்துவமனையிலிருந்து அம்மையம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. தைக்காட்டில் இன்றும் குழந்தைகள் பிறக்கின்றன.

அருஞ்சொற்பொருள்

தமனி – இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்
சிரை – இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொணரும் குழாய்
நச்சுக்கொடி – கருவுக்குத் தாயின் உடலிலிருந்து ஊட்டம் தரும் உறுப்பு
சோகை – இரத்தத்தில் சிவப்பணுக்களின் செறிவு குறைதல்
இயற்கை எய்துதல் – இறத்தல்

பயிற்சி

1. மேரி மகாராஜா கல்லூரியில் வரலாறு பயின்றதன் காரணம் யாது?
2. மருத்துவச்சிகளின் பெண்மக்களுக்குப் பயிற்சி அளித்ததால் விளைந்த நன்மைகளை உம் சொற்களில் எழுதுக.
3. பேற்றுக்குப்பின் இரத்தப்போக்கைக் கருப்பையின் தசை எவ்வாறு நிறுத்துகிறது?
4. இரத்த அழுத்தம் குறைவதற்கு முன்னரே செவிலி கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எவை?
5. செயல்: அமர்ந்த நிலையில் ஒரு நிமிடம் உம் நாடியை எண்ணுக. மாடிப்படி இருமுறை ஏறி இறங்கியபின் மீண்டும் எண்ணுக. இரண்டையும் 70 மில்லிலிட்டரால் பெருக்கி விடையைக் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டாவது விடை உண்மை அளவினும் குறைவாகவே இருக்கும். அதன் காரணத்தை ஆசிரியரோடு கலந்துரையாடுக.